உள்ளங்கைச் சூடு

திருநெல்வேலி டாக்டர் பதினாலு வயது ஸமீஹாவின் உயரத்தை இரண்டு முறை அளந்தார்.

"ரெண்டு வருஷம் கழிச்சு வாரீங்க. ரெண்டு சென்டிமீட்டர்தான் வளர்ந்திருக்கா. வளர்ச்சி ஊசியை விட்டுவிட்டுப் போட்டீங்களாம்மா?"

அவள் உம்மா ஃபர்ஹத்துக்குச் சுருக்கென்றது. காயல்பட்டினத்திலிருந்து கொண்டுவந்த காலண்டர்களை விரித்தாள். ஒரு தேதி விடாமல் டிக் அடித்திருந்தது.

"பெருநாள் அன்னைக்குகூட விட்டதில்ல. இவ வாப்பா சவூதி வெயில்ல நின்னு சம்பாதிச்ச மருந்து. விடுவேனா?"

"வீட்டுல எங்க வைக்கீங்க?"

"ஃப்ரிட்ஜுலதான். கீழ்த்தட்டுல குளிர் பத்தாதுன்னு மேல ஐஸ் பெட்டியில. அதுல மீன்கூட வைக்கதில்ல, மருந்துக்குன்னே ஒதுக்கிட்டேன். கல்லா உறைஞ்சிருக்கும். தெனமும் உள்ளங்கையில பொத்திவச்சு, பைய உருக்கித்தான் போடுவேன்."

டாக்டர் பேனாவை மூடி வைத்தார்.

"உறைஞ்சா அந்த மருந்து செத்துப்போகும்மா. ரெண்டு வருஷமா நீங்க போட்டது வெறும் தண்ணி மாதிரிதான்."

"இனிமே சரியா வச்சுப் போட்டா?"

அவர் எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் பிடித்தார். "எலும்பு வளருத இடம் மூடிட்டு. இனி எந்த ஊசியும் கேக்காது."

ஸமீஹா எட்டி உம்மாவின் கையைப் பிடித்தாள். ஃபர்ஹத் தன் கையை உருவிப் புர்காவுக்குள் ஒளித்துக்கொண்டாள்.