நாற்பதாம் நாள் கட்டு

"கட்டு கட்டி இன்னிக்கு நாற்பது நாள். நாளைக்கு நாற்பத்தொண்ணு முடியறதுக்குள்ள அவிழ்த்தா மந்திரிச்சதெல்லாம் பாழாக்கும், கேட்டியா?"

"மன்னி, வாந்தி பச்சையா வரது. பாருங்கோளேன்."

வலியசாலை வீட்டின் கொல்லை அறையிலிருந்து, ஜன்னல் கம்பிகளைப் பற்றிக்கொண்டு தர்மாம்பாள் கெஞ்சுகிறாள். தூரம்; மாதவிலக்கின் இரண்டாம் நாள். அவள் வெளியே வரக்கூடாது. கிணற்றடியில் வெயில் வெண்கலக் குடத்தின் மேல் நடுங்குகிறது. அங்கே ஓரகத்தி வாலாம்பாளின் மடியில் தர்மாம்பாளின் இரண்டு வயதுப் பிள்ளை பட்டாபி கால்களை வயிற்றோடு மடக்கிக்கொண்டு அலறுகிறான். பிறந்ததிலிருந்தே அவனுக்குக் குடலிறக்கம். அழுதால் தொடையிடுக்கில் எலுமிச்சையளவு புடைக்கும்; தர்மாம்பாள் இரண்டு விரல்களால் மெல்ல அழுத்தினால் உள்ளே போய்விடும். இப்போது அந்த இடத்தில் செப்புக்காசு வைத்து மந்திரித்துக் கட்டிய மஞ்சள் துணி மட்டும் இறுகிக் கிடக்கிறது. துணியின் கீழ், விதைப்பை வரைக்கும் தோல் கருஞ்சிவப்பாகப் பளபளக்கிறது.

"ஆஸ்பத்திரிக்காவது தூக்கிண்டு போங்கோ."

"ஆம்பளைகள் ஆபீஸ்லேர்ந்து வராம நான் ஒருத்தி எப்படிடீ போவேன்? துணியோட உன்கிட்ட விட்டா தீட்டு. அவிழ்த்தா தோஷம். நான் என்ன பண்ணட்டும், சொல்லு." வாலாம்பாளின் குரலும் உடைகிறது.

கோட்டைப் பக்கமிருந்து மணி பதினொன்று அடிக்கிறது. அலறல் மெல்லத் தேய்ந்து முனகலாகிறது. ஒரு காகம் வந்து குடத்தின் விளிம்பில் உட்காருகிறது. அதை விரட்ட யாருக்கும் தோன்றவில்லை. கம்பிகளுக்கு வெளியே நீண்ட தர்மாம்பாளின் இரண்டு விரல்கள் வெறும் காற்றை மெல்ல மெல்ல அழுத்துகின்றன.

"துணியில்லாத கொழந்தையைத் தொட்டா தீட்டில்லை, மன்னி. அந்த ஒரு முடிச்சை அவிழ்த்துட்டு அவனை என்கிட்டே குடுங்கோ."