இருபதுக்கு ஏழு

"அவ்வளவுதானா? இன்னும் கொஞ்சம் யோசிச்சுப் பாருக்கா."

அக்கா நெற்றியைச் சுருக்கினாள். "சாவி... பாலம்... இதெல்லாம் ஏற்கெனவே சொல்லிட்டேனோ?"

"சொல்லிட்ட."

"அப்ப அவ்வளவுதான்டி."

இருபது சொற்களை ஒருமுறை வாசித்துக் காட்டி, ஒரு நிமிடம் கழித்துத் திருப்பிச் சொல்லச் சொல்ல வேண்டும். பள்ளி இறுதி வகுப்பின் உளவியல் செய்முறைத் தேர்வுக்கான சோதனை. அக்கா சொன்னது ஏழே ஏழு.

தங்கைக்கு உள்ளுக்குள் ஒரே குஷி. ஞாபகசக்தி உள்ளவர் ஒருவர், மந்தமானவர் ஒருவர் என்று இரண்டு பேரைச் சோதிக்க வேண்டும். முதல் ஆள் சுலபமாகக் கிடைத்துவிட்டது. இரண்டாவது ஆளுக்குத்தான் வகுப்பே நாயாய் அலைந்தது. மந்தம் என்று எழுதிக்கொள்ள யார் சம்மதிப்பார்கள்? இவளுக்கு அந்தக் கஷ்டமே இல்லை. இறுதித் தேர்வில் கோட்டை விட்டுவிட்டுச் சலவைக்கடை வேலைக்குப் போன அக்கா வீட்டிலேயே இருந்தாள்.

அறிக்கையை வகுப்பில் வாசித்தாள். "கவனம் சிதறும் இயல்பு. படிப்பு பாதியில் நின்றதற்கு இதுவே காரணமாக இருக்கலாம்."

பெயரை எழுதவில்லைதான். ஆனாலும் யாரென்று எல்லோருக்கும் தெரிந்துவிட்டது. சிரித்தார்கள். இவளும் சேர்ந்து சிரித்தாள்.

"பிரமாதம்," என்றார் டீச்சர். "அதே ஆளுக்கு வேற பட்டியல் வச்சு இன்னொரு தடவை பண்ணிடு. முழு மார்க் உனக்குத்தான்."

பள்ளி விட்டதும் நேராகச் சலவைக்கடைக்குப் போனாள். அங்கே ஒரு பெரியவர் சட்டைப்பையைத் துழாவிக்கொண்டிருந்தார்.

"ரசீதைத் தொலைச்சிட்டேம்மா."

"பரவாயில்ல சார். போன செவ்வாய்க்கிழமைதானே குடுத்தீங்க? ரெண்டு வெள்ளைச் சட்டை. ஒண்ணுல மூணாவது பட்டன் இல்ல, தச்சு வச்சிருக்கேன். சாம்பல் கலர் பேன்ட், முழங்கால்ல மைக்கறை. வீட்டம்மாவோட ஊதா சால்வை. தலையணை உறை நாலு." பேசிக்கொண்டே சரியான மூட்டையை எடுத்து நீட்டினாள் அக்கா.

தங்கை வாசலிலேயே நின்றுவிட்டாள். பெரியவர் போகும்வரை காத்திருந்தாள்.

"அக்கா... அன்னிக்கு அந்த இருபது வார்த்தை..."

அக்கா ஒரு சட்டையை விரித்துத் தேய்க்க ஆரம்பித்தாள். "சாவி, பாலம், குதிரை, விளக்கு, கிணறு..." காலர் முடிவதற்குள் இருபதும் வரிசை மாறாமல் வந்துவிட்டன.

"அப்புறம் ஏன்க்கா ஏழு மட்டும் சொன்ன?"

"'கவலைய விடு, எங்க வீட்லயே ஒரு மக்கு இருக்கு'ன்னு உன் ஃபிரெண்டுகிட்ட போன்ல சொல்லிட்டிருந்தியே. நான் இருபதும் சொல்லியிருந்தா வேற ஆளுக்கு எங்கடி போவ?"

குரலில் கோபம் துளிகூட இல்லை. தங்கையை வெட்கம் பிடுங்கித் தின்றது.

அவள் கையில் கசங்கிய புதுப் பட்டியலை அக்கா பார்த்துவிட்டாள். இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டு, ஸ்டூலை இழுத்துப் போட்டு எதிரே உட்கார்ந்தாள்.

"மறுபடியும் சோதனையா? சரி, வாசி. இந்தத் தடவை எத்தனை சொல்லணும்?"