முதல் சிரட்டை

ஃபிஜியின் நவுலோ நகரக் குடிநீர் வாரியத்தின் மக்கள் தொடர்பு அதிகாரி அபெனிசா, குப்பைமேட்டை ஒட்டிய குடியிருப்பில் பாய்மேல் உட்கார்ந்து அதே பல்லவியைப் பாடினார். யார் முகத்தையும் பார்க்கவில்லை.

"பரிசோதனை பண்ணியாச்சு. உங்க குழாய்த் தண்ணி சுத்தம். தைரியமா குடிங்க."

"அப்ப எங்க பிள்ளைங்களுக்கு ஏன் வயித்தால போகுது?" என்றாள் மெரெயோனி.

"கையைக் கழுவச் சொல்லும்மா."

யங்கோனா வேர்ப்பொடியைத் தண்ணீரில் கரைத்து, முதல் சிரட்டையை விருந்தாளியான அவரிடம் நீட்டினார்கள். எந்த ஃபிஜிக்காரனும் அதை மறுக்க மாட்டான்.

அபெனிசா சிரட்டையையே பார்த்தார்.

"தப்பா நினைக்காதீங்க. எனக்கு வயித்துப் புண்ணு. யங்கோனாவைத் தொடவே கூடாதுன்னுட்டார் டாக்டர்."

மெரெயோனி சிரித்தாள்.

"அட, குடிங்கண்ணே! வந்தவங்களுக்குப் போய் குழாய்த் தண்ணியைக் குடுப்போமா? கடையில பாட்டில் தண்ணி வாங்கிக் கரைச்சது."

"அப்படியா!"

ஒருமுறை கைதட்டிச் சிரட்டையை வாங்கிய அபெனிசா, ஒரே மூச்சில் குடித்து முடித்தார்.

விருந்தாளி குடித்ததும் மூன்று முறை கைதட்ட வேண்டிய கூட்டத்தில் ஒரு கையும் அசையவில்லை. அப்போதுதான் அவருக்கு உறைத்தது. முகம் தீயாய்ச் சுட்டது.

மெரெயோனி மெல்லக் கேட்டாள்: "வயித்துப் புண்ணு இப்ப எப்படிண்ணே இருக்கு?"