பின்னால் கட்டிய கை

வீட்டுக் கடல்நீர் மீன்தொட்டியின் நீல வெளிச்சத்தில், மாசக்கணக்காக வெளுத்துக் கிடந்த கல்மேல் சுண்ணாம்புப் பாசி இளஞ்சிவப்பாய்ப் பொட்டு வைத்திருக்கிறது. "நைனா, ஜல்தி வாங்க, பாசி புடிச்சிக்கிச்சு!" என்று தேவகி கத்துகிறாள். பட்டுநூலைச் சாயத்தில் முக்கிக்கொண்டிருந்த அப்பா முருகேசன் ஓடி வந்து, இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு குனிகிறார். "அட, நம்ம வெங்காயக் கலராச்சே! எந்தச் சாயத்துல முக்குன?" என்று சிரிக்கிறார். அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. போன தடவை பாசியும் இறாலும் செத்தபோது, "சாயக் கைய வுட்டு எல்லாத்தையும் சாவடிச்சிட்டீங்களே" என்று தெருவே கேட்கக் கத்தியவள் அவள்தான். கொன்றது அவள் ஊற்றிய மீன் மருந்து. வீட்டின் முதல் பட்டதாரியான அவள், 'இறாலுக்கும் பாசிக்கும் ஆகாது' என்று மருந்துப் புட்டியில் போட்டிருந்ததைப் படித்ததே அதற்குப் பிறகுதான். இன்றைக்காவது சொல்லிவிட வாயைத் திறக்கிறாள். அதற்குள் அப்பா, தன் மூச்சு கண்ணாடியில் படிவதைப் பார்த்துவிட்டு, "தூரமாவே நின்னுக்கறேம்மா, பயப்படாத" என்று ஓரடி பின்னால் போகிறார்.