இனி மாடி வேண்டாம்

"இந்த ஒழுங்கையிலை இனி ஒருத்தரும் மாடி கட்டக் கூடாது."

சோமசேகரம் எழுந்து நின்று சொன்னதும் சனசமூக நிலையமே கைதட்டியது.

தட்டாமல் என்ன செய்யும்? அந்தக் குறுகிய ஒழுங்கையின் இரு பக்கமும் எந்த வீட்டு மதிலைப் பார்த்தாலும் 'அறைகள் வாடகைக்கு உண்டு' என்று பலகை தொங்கியது.

போன தேர்தலுக்கு வாக்குக் கேட்டு வந்த குகதாசன், "பல்கலைக்கழகத்துக்குப் புதுப் பீடம் வருது. மாடியைக் கட்டுங்கோ, பிளானை நான் பிரதேச சபையிலை பாஸ் பண்ணித் தாறன்" என்றார். வென்றார். சொன்னபடி பாஸ் பண்ணியும் கொடுத்தார். பீடம்தான் வேறு மாவட்டத்துக்குப் போய்விட்டது.

மனைவியின் நகைகளை வங்கியில் வைத்துச் சோமசேகரம் கட்டிய மேல்மாடியில் இப்போது புறாக்கள் குடியிருந்தன.

"அண்ணை சொல்லுறது சரி" என்றார் எதிர்வீட்டுத் தம்பிராசா. "இருக்கிற அறையளுக்கே படிக்க வாற பெடியள் இல்லை. இன்னும் கட்டினா பேயள்தான் வந்து இருக்கும்."

சோமசேகரம் முன்வரிசையில் இருந்த குகதாசனைப் பார்த்தார். "கட்டச் சொன்னதும் நீர்தான் தம்பி. நிப்பாட்டுறதும் நீராய்த்தான் இருக்க வேணும்."

குகதாசன் கைகூப்பினார். "பிழை என்னிலைதான். வாற கிழமை சபையிலை தீர்மானம் கொண்டு வாறன். அதுக்குப் பிறகு ஒரு பிளானும் பாஸாகாது. ஆனா அதுக்கு முதல் பாஸானதை ஒண்டும் செய்யேலாது."

"அதுக்கு முதல் ஆர் பிளான் குடுக்கப் போறான்?" என்றார் தம்பிராசா.

"குடுக்கிறவன் இந்த ஒழுங்கைக்குத் துரோகி" என்றார் சோமசேகரம்.

மறுபடியும் கைதட்டல்.

மத்தியானம் வீட்டில், சோற்றைப் பிசைந்துகொண்டிருந்த சோமசேகரத்தின் கை பாதியில் நின்றது.

"ஞானாம்பிகை, தடை வந்தா வேறை ஒருத்தரும் கட்டேலாது என்ன?"

"ஓம்."

"அப்ப அதுக்கு முதல் பாஸ் எடுத்தவனிட்டை மட்டும்தானே புது அறையள் இருக்கும். பெடியள் எல்லாம் அவனிட்டைத்தானே வரோணும்? உம்மடை நகையும் மீண்டிடும்."

ஞானாம்பிகை குழம்பை ஊற்றினாள். "மேலை புறா இருக்கு. அதுக்கும் மேலை கட்டி ஆரை இருத்தப் போறியள், வௌவாலையோ?"

அவர் எழுந்து கையைக் கழுவினார். அலுமாரியிலிருந்த பழைய பிளானைச் சுருட்டிக் குடைக்குள் செருகினார். கொளுத்தும் வெயிலில் குடையை விரிக்காமல் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு நடந்தார்.

ஒழுங்கை உண்ட மயக்கத்தில் கிடந்தது. தம்பிராசா வீட்டுக் கதவும் சாத்தியிருந்தது. பாவம், சூதுவாது தெரியாத மனுஷன், நித்திரை போலும்.

குகதாசன் வீட்டுக்கு முன்பக்கத்தால் போனால் ஆராவது காணக்கூடும். சோமசேகரம் சுற்றிப் போய்ப் பின்படலையைத் திறந்தார்.

குசினி வாசலில் கால் வைக்க இடமில்லை. அவ்வளவு செருப்பு. ஓரத்தில் தம்பிராசாவின் நீலச் செருப்பும் கிடந்தது.

உள்ளே, ஒழுங்கை முழுவதும் நீள வாங்கில் நெருங்கி உட்கார்ந்திருந்தது. ஆளுக்கொரு சுருள். ஒருவரும் ஒருவரையும் பார்க்கவில்லை.

தம்பிராசா கொஞ்சம் அரக்கி இருந்து இடம் விட்டார். "இருங்கோ அண்ணை. நாங்களும் இப்பதான் வந்தனாங்கள்."

குகதாசனின் மனைவி உதயகலா தேத்தண்ணித் தட்டோடு வந்தாள்.

"குடிச்சுக்கொண்டிருங்கோ, இவர் இப்ப வந்திடுவார். சபைத் தவிசாளர் வீட்டைதான் போனவர். தடை வர முதல் எங்கடை மாடிப் பிளானையும் ஒருக்காக் குடுத்திட வேணுமெல்லோ."