லாந்தர் படத்தில் ஒரு கை

ஆம்பூர் மிஷன் பள்ளிக்கூடத்து ஜன்னல்களைப் பட்டப்பகலில் சாக்கால் மூடியிருக்கிறார்கள். கண்ணாடிப் படங்களைப் பெரிதாக்கிக் காட்டும் மாஜிக் லாந்தரின் வெளிச்சம், சுவரில் கட்டிய வேட்டியில் விழுகிறது. படத்தில் பாதிரியாரும் துரைசானியும் போன வருஷம் பிரான்சில், சண்டையில் வீடிழந்தவர்களுக்குக் கஞ்சி ஊற்றுகிறார்கள். அடுத்த படத்தில், சனிக்கிழமை ஊர்சுற்றப் போன இடத்தில், இடிந்த தேவாலயத்தின் முன் சிரித்தபடி நிற்கிறார்கள். தோல் பதனிடும் ஷாப்பில் வேலை செய்யும் மார்த்தாள், அவர்களுக்குப் பின்னால் உயர்ந்திருக்கும் ஒரு கையைப் பார்க்கிறாள். உள்ளங்கை முழுக்கக் கறை. ஆவாரம்பட்டைச் சாற்றில் தோல் ஊறப்போடும் கைக்கே வரும் கறை. "பின்னால நிக்கிறது யாரும்மா?" "ஒருவரும் இல்லையே, மார்த்தாள். படம் எடுத்தவரைத் தவிர, அன்று நாங்கள் இருவர்தான்," என்கிறார் துரைசானி. அதே ஷாப்பில் தோல் ஊறப்போட்டு, பிறகு அந்தச் சண்டைக்கு ரயிலேறிய அவள் புருஷன் இப்படித்தான் கையைத் தூக்கி, "வர்றேன்" என்றான். அவனைக் காணவில்லை என்று பட்டாளத்துக் கடுதாசி வந்து மூன்று வருஷம். அவள் தாலியைக் கழற்றவில்லை. பாதிரியார் படத்தை மாற்றுகிறார். தேவாலயம் போய்க் கடற்கரை வருகிறது. அந்தக் கை அதிலும் இருக்கிறது; இன்னும் கிட்டே வந்திருக்கிறது.