எனக்கு மட்டும்…

“இங்க யாருங்க லைப்ரரி மிஸ்?”

பள்ளிக்கூட லைப்ரரியில் அதுவரை யாரும் அப்படிக் கத்தியதில்லை. மகள் சிட்டுவின் கையைப் பிடித்து இழுத்தபடி உள்ளே நுழைந்தாள் அம்மா. வேலையிலிருந்து நேரே வருகிறாள். பஸ் நிலையத்தில் டிக்கெட் கவுன்ட்டர் வேலை. கழுத்தில் தொங்கும் அடையாள அட்டையைக்கூடக் கழற்றவில்லை, அவ்வளவு கோபம்.

அடுக்கிக்கொண்டிருந்த புத்தகங்களை அப்படியே விட்டுவிட்டு எழுந்தாள் மிஸ். “நான்தாங்க. உட்காருங்களேன்.”

“உட்கார வரல. நியாயம் கேட்க வந்திருக்கேன். அந்தச் சிவப்பு அட்டைப் படக்கதையை கிளாஸ்ல ஒரு பிள்ளை விடாம எல்லாருக்கும் குடுத்தீங்களாமே! என் பொண்ணு மட்டும் என்ன பாவம் பண்ணினா? பேச்சு திக்கினா படிக்கவும் வராதுன்னு நினைச்சுட்டீங்களா?”

“சிட்டுவா அப்படிச் சொன்னா?”

“பின்னே? காலையில சாப்பிடறப்போ சொன்னா. ‘எல்லாருக்கும் குடுத்தாங்கம்மா, எனக்கு மட்டும்…’னு ஆரம்பிச்சா. பாவம், மேல சொல்ல முடியல குழந்தைக்கு. எனக்கு மனசே ஆறல.”

“அ… அம்மா, அ… அது வ… வ…”

“வருத்தமா இருக்குங்கறா. கேட்டுக்கங்க!”

சிட்டு நெற்றியில் அடித்துக்கொண்டாள்.

அம்மாவைக் குற்றம் சொல்லியும் பயனில்லை. கவுன்ட்டரில் நிற்கிறவர் ஊர்ப் பெயரின் முதல் எழுத்தைச் சொல்வதற்குள் டிக்கெட்டைக் கிழித்து நீட்டினால்தான் வரிசை நகரும். அதில் அவளை அடிச்சுக்க ஆளில்லை. அந்த வேகம் வீட்டுக்கும் கூடவே வந்துவிட்டது. மகள் ஒரு சொல்லுக்குத் திணறினால் இவளுக்குப் பொறுக்காது. வெடுக்கென்று பிடுங்கித் தானே முடித்துவிடுவாள். பாசம்தான், வேறென்ன!

அதற்குள் ஒரு ரெட்டைச் சடைக்காரி ஓடி வந்தாள். சிட்டுவின் வகுப்புத் தோழி.

“சிட்டு, அந்த அகதிக் குடும்பத்துக் கதையை முடிச்சுட்டேன்டி. அழுதே போயிட்டேன். அடுத்து எதை எடுக்கட்டும்?”

“கா… கா…”

“காமிக்ஸா?” என்றாள் அம்மா.

ரெட்டைச் சடைக்காரி அவளை ஒரு மாதிரி பார்த்தாள். “இருங்க ஆன்ட்டி, அவ சொல்லட்டும்.”

“கா… காது கேக்காத பொ… பொண்ணு ஒருத்தி. கோல்கீப்பர். சி… சிரிச்சே செத்துடுவடி.”

“எந்த அலமாரி?”

சிட்டு கை காட்டினாள். சடை இரண்டும் பறந்தன.

அம்மா மலைத்துப்போய் நின்றாள். மகள் ஒரு பேச்சை முழுசாகப் பேசி முடித்து அவள் கேட்டு எத்தனை காலமாயிற்று?

“இங்க தினமும் இந்தக் கூத்துதாங்க,” என்று சிரித்தாள் மிஸ். “ஒரு புத்தகம் நல்லா இருக்கும்னு நான் சொன்னா ஒருத்தரும் திரும்பிப் பார்க்கறதில்ல. சிட்டு சொன்னா அடிதடி. சக்கர நாற்காலியில துப்பறியறவ, பாஷை தெரியாத ஊர்ல போய் முழிக்கிறவன், எல்லாரையும் இவதான் பிள்ளைங்க தலையில கட்டிவிடறா.”

அம்மாவுக்குப் பெருமை தாங்கவில்லை. ஆனால் வந்த காரியத்தை விடலாமா?

“அதெல்லாம் சரி. சிவப்புப் புஸ்தகத்துக்கு என்ன பதில்?”

“அதை நான் சொல்லக் கூடாது. சிட்டு, காலையில அம்மாகிட்ட ஆரம்பிச்சியே, அதை முடி.”

சிட்டு மூச்சை இழுத்துக்கொண்டாள். அம்மாவின் உதடு தானாக அசைந்தது. மிஸ் கையைத் தூக்கிக் காட்டினாள். உதடு நின்றது.

“எ… எனக்கு மட்டும்… மு… முதல்லயே குடுத்துட்டாங்கம்மா. ப… படிச்சு முடிச்சதும் நா… நான்தான், எல்லாருக்கும் கு… குடுங்க மிஸ்னு சொன்னேன்.”

அம்மாவின் முகத்தில் அசடு வழிந்தது. “அடிப்பாவி! இதைக் காலையிலேயே சொல்றதுக்கென்ன?”

சொல்ல எங்கே விட்டாளாம்! மிஸ் மேசைமேல் இருந்த சிவப்பு அட்டைப் புத்தகத்தை எடுத்து அவள் முன்னால் விரித்தாள்.

பக்கம் முழுக்கக் கட்டம் கட்டமாகப் படங்கள். ஒரு சின்னப் பெண் பேச வருகிறாள். அவள் வாயருகே வரைந்திருந்த பலூனுக்குள் ஒரே எழுத்து திரும்பத் திரும்ப முட்டி மோதிக்கொண்டு நின்றது. அடுத்த கட்டத்தில், சுற்றி நிற்கிறவர்கள் ஆளுக்கொரு சொல்லை அவள் வாயில் திணிக்கிறார்கள். அதற்கும் அடுத்த கட்டத்தில், அந்தப் பெண் விரற்கடை அளவுக்குச் சிறுத்துப்போயிருந்தாள்.

அம்மா அந்தக் கடைசிக் கட்டத்தை விரலால் மெல்லத் தடவினாள்.

“முன்னெல்லாம் இவ பேச ஆரம்பிச்சா கிளாஸே சிரிக்கும். இதைப் படிச்சப்புறம் ஒருத்தரும் குறுக்க வர்றதில்லங்க,” என்றாள் மிஸ். “போன வாரம் ஒரு ஜோக் சொன்னா பாருங்க. பாதியிலேயே மணி அடிச்சாச்சு. ஒரு பிள்ளை எழுந்திருக்கணுமே! உட்கார்ந்து கேட்டு, விழுந்து விழுந்து சிரிச்சுட்டுத்தான் வீட்டுக்குப் போச்சுங்க.”

சிட்டுவுக்கு வாயெல்லாம் பல். புத்தகத்தை மூடி அம்மாவின் கையில் வைத்தாள்.

“எ… எல்லாரும் ப… படிச்சாச்சும்மா. இன்னும் ஒரே ஒரு ஆள்தான் பா… பாக்கி. அ… அது…”

யாரென்று அம்மாவுக்குத் தெரிந்துவிட்டது. நாக்கு நுனி வரைக்கும் வந்துவிட்டது. ஆனாலும் வாயை இறுக்கி மூடிக்கொண்டு, கண்ணில் நீரும் முகத்தில் சிரிப்புமாக, மகளையே பார்த்தபடி காத்திருந்தாள்.

“நீ… நீ… நீதான்மா!”